கொத்தனின்றி எழுந்த கோட்டை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது அப்பகுதி மக்களின் தொன்றுதொட்ட மரபு. இரு கரைகளிலும், வளவு என்று சொல்லத்தக்க நிலமுடைய வீடுகளில், வேலியோரமாக ஓர் அகத்தி நிற்பது புதுமையன்று. ஏகாதசி விரதமிருந்தோர் மறுநாட் பாரணையில் அகத்திக்கீரையை உண்பதும், ஆட்டுக்கு அதன் குழையை ஒடித்துப் போடுவதும் அம்மரத்தை வீட்டு மரமாகவே ஆக்கிவிட்டன. அவ்வகத்தியின் இலையிற் பச்சையும் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாய்ப் படரும் தேமல் நோயொன்று தென்னிந்தியாவில், திருப்பதியை அடுத்த வயல்களிற் கண்டறியப்பட்டு, 1982ஆம் ஆண்டில் அறிஞர்களால் அறிவிக்கப்பட்டது. அந்நோய்க்குக் காரணமான வைரசு ஒரு மில்லிமீற்றரின் முப்பதாயிரத்தில் ஒரு பங்களவே குறுக்களவுடையது. அவ்வளவு சிறிய பொருள் தன்னைச் சுற்றி ஒரு புரத ஓட்டை எவ்வாறு கட்டிக்கொள்கிறது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள். அவ்வினாவின் வரலாறு அகத்தியிற் றொடங்கவில்லை, புகையிலையிற் றொடங்குகின்றது.

புளியந்தீவிலே வாவியோரமாக நிற்கும் கோட்டையை அறியாத மட்டக்களப்பார் இலர். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதுமாகிய அக்கோட்டை எழுவதற்கு வரைபடம் வேண்டியிருந்தது. கல் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. இக்கல் இங்கே, அக்கல் அங்கே என்று பணிக்க ஒரு மேற்பார்வையாளனும் வேண்டியிருந்தான். வைரசின் ஓடும் ஒரு கோட்டையே. உள்ளே பரம்பரைச் செய்தி. வெளியே ஒரே அச்சில் வார்த்த கற்கள் போன்ற நூற்றுக்கணக்கான புரத மூலக்கூறுகள். ஆனால் இக்கோட்டையைக் கட்டும் கொத்தன் யார்? உயிருள்ள கலத்தினுள்ளே மறைந்து நிற்கும் ஏதோ ஓர் ஆற்றலா? அல்லது கற்களே தம் இடத்தைத் தாமே அறிந்து அமர்கின்றனவா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதற்கு விடை கூற வல்லார் இலர். கலத்துக்கு வெளியே, வெறுங் கண்ணாடிக் குழாயில் அக்கோட்டையை எழுப்பிக் காட்டினாலன்றி இவ்வழக்குத் தீரக்கூடியதும் அன்று.

ஒல்லாந்து தேசத்தில் வாகனிங்கன் நகரிலே அடொல்ப் மேயர் என்பார் 1886இற் புகையிலைத் தேமலுக்கு ‘மொசேக்கு’ என்று பெயரிட்டு, நோயுற்ற இலைச்சாற்றை நல்ல செடிக்கு ஏற்றினால் நோயும் ஏறும் என்று காட்டினார். உருசியரான இவனொவ்சுக்கி 1892இல் அச்சாற்றைப் பற்றீரியாவும் புகமுடியாத பீங்கான் வடியினூடாக வடித்துப் பார்த்தார். வடிந்த நீரும் நோய் தந்தது. பெயரிங்கு 1898இல் அதை உயிருள்ள தொற்றுத் திரவம் என்றார். மூவருள் எவரும் நோய்க்காரணியைக் கண்ணாற் கண்டாரல்லர்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிரின்சுற்றனில், ரொக்கபெல்லர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வெண்டல் ஸ்ரான்லி, நோயுற்ற புகையிலைச் சாற்றிலிருந்து ஊசிபோன்ற பளிங்குகளைப் பிரித்தெடுத்தார். உப்பைப்போலவும் சீனியைப்போலவும் பளிங்காகும் ஒரு பொருள், இலையிற் றேய்த்தால் உயிரிபோற் பெருகுவதைக் கண்டு உலகம் திகைத்தது. ஆனால் ஸ்ரான்லி ஒரு பிழையும் செய்தார். தாம் பெற்றது தூய புரதம் என்று அறிவித்தார். மறு ஆண்டே இங்கிலாந்தில் போடனும் பைரியும், பேணல், வங்குச்சன் என்பாரோடு கூடி, அதில் பொசுபரசும் ஒருவகைச் சீனியும் உள்ளன, அதாவது இரைபோ நியூக்கிளிக்கமிலம் உள்ளது என்று காட்டினர். இன்று ஆர்.என்.ஏ. என்று மாணவர் சுருக்கமாகச் சொல்வது இதுவே. நிறையில் நூற்றுக்கு ஐந்தளவேயான அப்பொருளை அக்காலத்தார் பெரிதாகக் கொள்ளவில்லை. 1946இல் நோபல் பரிசு ஸ்ரான்லிக்கு இருவரோடு பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு பெற்றவரின் பிழையைத் திருத்தியவர்களுக்குப் பரிசில்லை என்பது அறிவியல் வரலாற்றில் அரிதன்று.

கோட்டை தானே எழும் என்பதற்கு முதற் குறி 1943ஆம் ஆண்டிற் போர்க்கால ஜெர்மனியிலிருந்து வந்தது. கேர்காட் சிறாம் என்பார் மென்காரத்தால் வைரசைச் சிதைத்து, புரதத்தைத் தனியே எடுத்து, கரைசலைச் சிறிது அமிலமாக்கினார். சிதறிய புரதம் மறுபடி கூடிக் கோல்களாயிற்று. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அவை மெய்யான வைரசின் கோல்களையே ஒத்திருந்தன. நோய் தரும் ஆற்றல் மட்டும் அவற்றுக்கு இல்லை. வீடு எழுந்தது, குடியிருப்பார் இல்லை. போரின் ஆரவாரத்தில் இச்செய்தி உரிய கவனத்தைப் பெறாது போயிற்று.

போருக்குப் பின் அக்கோலின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தவருள் உரோசலிண்டு பிராங்கிளின் அம்மையார் தலையாயவர். 1953இல் இலண்டன் பேர்க்பெக் கல்லூரிக்கு வந்த அவர், ஐந்தே ஆண்டுகளில் இக்கோட்டையின் வரைபடத்தை ஏறத்தாழ முழுமையாகத் தீட்டினார். புரதக் கூறுகள் சுருளிப் படிக்கட்டாக அடுக்கப்பட்டுள்ளன; மூன்று சுற்றுக்கு நாற்பத்தொன்பது கூறுகள்; நடுவே புழை; ஆர்.என்.ஏ. அப்புழையில் இல்லாது புரதத்தினிடையே அதே சுருளியைப் பின்பற்றிப் புதைந்துள்ளது. கோலின் நீளம் 300 நனோமீற்றர், குறுக்களவு 18, கூறுகள் ஏறத்தாழ 2,130, ஒவ்வொரு கூறும் 158 அமினோவமிலங்கள் கோத்த சரடு. 1958இல் புறூசல்ஸ் உலகக் கண்காட்சியில் வைப்பதற்கென அவர் உருவாக்கிய பெரிய மாதிரியைத் திரளான மக்கள் கண்டனர். அதைச் செய்தவரோ கண்காட்சி தொடங்குவதற்கு முதல் நாள், ஏப்பிரல் 16ஆந் தேதி, முப்பத்தேழாம் வயதிற் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

இதற்கிடையில் 1955ஆம் ஆண்டு வந்தது. கலிபோணியாவின் பேர்க்கிலி நகரில் ஸ்ரான்லி நிறுவிய வைரசு ஆய்வுகூடத்திலே பிரெங்கல்-கொன்றாட் என்னும் இரசாயனர் பணியாற்றினார். பிரெசுலோ நகரிற் பிறந்து, இட்லரின் ஆட்சியால் நாடு நீங்கியவர் அவர். உடன் உழைத்த உரொபிளி வில்லியம்ஸ் தொடக்கத்தில் வானியலாளர். தொலைநோக்கியின் ஆடிக்கு உலோகப் பூச்சிடும் வித்தையை நுணுக்குக்காட்டிக்கு மாற்றி, சாய்வாக உலோக ஆவியைப் படியவிட்டு வைரசின் நிழலையே பிடித்தவர். விண்மீனைப் பார்த்த கண் வைரசையும் பார்த்தது!

அவர்கள் செய்தது சொல்லுதற்கு எளிது. வைரசின் ஒரு பங்கை மென்காரத்தில் இட்டுப் புரதத்தைப் பிரித்தனர். மற்றொரு பங்கைச் சவர்க்காரம் போன்ற பொருளால் உடைத்து ஆர்.என்.ஏ.யைப் பிரித்தனர். புரதம் பத்துப் பங்கும் ஆர்.என்.ஏ. ஒரு பங்குமாக, சற்றே அமிலமான நீரிற் கலந்து குளிரில் ஓரிரவு வைத்தனர். தெளிந்திருந்த நீர் பாற்சாயல் கொண்டது. வில்லியம்ஸ் நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது கோல்கள் கிடந்தன. அவற்றுட் பல 300 நனோமீற்றரில் நின்றன. சிறாமின் கோல்கள் பல்வேறு நீளமுடையன என்பது இங்கே நினைக்கத்தக்கது, புரதம் தனித்திருந்தால் எங்கே நிறுத்துவது என்று அறியாது நீள்கிறது, ஆர்.என்.ஏ. உடனிருந்தால் அதன் நீளமே கோலின் நீளமாகிறது. ஆகவே கற்கள் தாமே அடுக்கிக்கொள்ளும், ஆயினும் அளவுகோல் ஒன்று உள்ளே கிடக்கிறது என்பது தெளிவாயிற்று.

எனினும் உருவம் ஒத்தால் மட்டும் போதாது. நோய் தருமா? நிக்கோசியானா குளுற்றினோசா என்னும் புகையிலை இனத்தின் இலையில் இவ்வைரசைத் தேய்த்தால், தொற்றிய இடந்தோறும் ஒரு கரும்புள்ளி தோன்றும். புள்ளியை எண்ணி நஞ்சின் அளவை அறியலாம். புரதத்தைத் தனியே தேய்த்தபோது புள்ளி இல்லை, ஆர்.என்.ஏ.யைத் தனியே தேய்த்தபோதும் இல்லையென்றே கண்டனர். கூட்டிவைத்த நீரைத் தேய்த்தபோது புள்ளிகள் தோன்றின. இயற்கை வைரசோடு ஒப்பிட்டால் அவ்வாற்றல் நூற்றில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. ஆயினும் அது சுழியம் அன்று.

செய்தித்தாள்கள் ஆய்வுகூடத்தில் உயிர் படைக்கப்பட்டதென்று முழங்கின. அறிஞருட் பலர் ஐயுற்றனர். பிரித்தெடுத்த புரதத்தில் உடையாத வைரசு ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாமே? நூற்றில் ஒன்று என்னும் ஆற்றலுக்கு அந்த எச்சமே போதுமே? இவ்வையம் நியாயமானது. பிரெங்கல்-கொன்றாட்டின் பெருமை, ஐயத்தைக் கண்டு வெகுளாமல் அதைத் தீர்க்கும் பரிசோதனையைத் தேடியதிலேயே உள்ளது.

மறு ஆண்டு வந்த செய்தியோ அவர் வெற்றியின் பொருளையே மாற்றிவிட்டது. ரூபிங்கன் நகரில் கீரரும், முன்னர்க் கூறிய சிறாமும், ஆர்.என்.ஏ. மட்டுமே நோய் தரும் என்று 1956இற் காட்டினர். பேர்க்கிலியிலும் அவ்வாண்டே அவ்வுண்மை தெரியவந்தது. முந்திய ஆண்டு அது புலப்படாமைக்குக் காரணம், ஓடற்ற ஆர்.என்.ஏ. எங்குமுள்ள ஒரு நொதியத்தால் நொடியில் அழிந்துபோவதே. புரதம் உயிரைக் கொடுக்கவில்லை. உயிர்ச் செய்தியைக் காத்ததே அதன் தொழில். வைரசுக்கு எதிரான குருதிநீரைச் சேர்த்தால் முழு வைரசு அடங்கியது, வெற்று ஆர்.என்.ஏ. அடங்கவில்லை, ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தைச் சேர்த்தால் வெற்று ஆர்.என்.ஏ. அழிந்தது, ஓட்டினுள் இருந்தது அழியவில்லை. கோட்டையின் பயன் இதனினும் தெளிவாக நிறுவப்படுதல் அரிது.

1957இல் பிரெங்கல்-கொன்றாட்டும் பியற்றிசு சிங்கர் அம்மையாரும் வழக்கை முடித்துவைத்தனர். ஒருவகை வைரசின் ஆர்.என்.ஏ.க்கு அதன் உறவான மற்றொருவகையின் புரதத்தைப் போர்த்தினர். அவ்விரண்டாம் வகையின் புரதத்தில் இசுற்றிடீன், மெதியோனீன் என்னும் அமினோவமிலங்கள் உண்டு; முதல்வகையில் அவை இல்லை. ஆகவே பிறக்கும் குழந்தை யாரைப்போன்றது என்பதை இரசாயனப் பகுப்பாலே சொல்லிவிடலாம். பிறந்தவை யாவும் ஆர்.என்.ஏ. தந்த வகையினவாகவே இருந்தன. போர்த்திய சட்டையின் சாயல் சிறிதும் இல்லை. எச்சமாய் ஒட்டிய பழைய வைரசு என்னும் ஐயத்துக்கும் இத்தோடு இடமில்லாது போயிற்று. சிற்றுயிர்களின் பரம்பரைச் செய்தி ஆர்.என்.ஏ.யிலும் எழுதப்படலாம் என்னும் பேருண்மை ஒரு புகையிலை இலையின் புள்ளிக் கணக்கிலிருந்து பிறந்தது.

கோலுருவான வைரசின் கதை இது. அகத்தியின் வைரசோ கோளவுருவினது. கோள ஓட்டின் இலக்கணம் வேறு. 1956இல் கிரிக்கும் வாற்சனும் ஒரு கணக்கை எழுப்பினர்: இத்துணைச் சிறிய ஆர்.என்.ஏ. பலவகைப் புரதங்களுக்குச் செய்தி சுமக்க இயலாது. ஆகவே ஒரே கல்லைப் பலமுறை பயன்படுத்தியே ஓடு எழவேண்டும். அவ்வாறாயின் ஓடு ஒழுங்கான திண்மத்தின் சமச்சீரையே பெறும். இருபது முகத் திண்மத்தில் முற்றும் ஒத்த நிலையிற் பொருத்தக்கூடிய கற்கள் அறுபதே. ஆனால் பல வைரசுகளில் அறுபதின் மடங்கான 180 கற்கள் காணப்பட்டன. இப்புதிரை 1962இற் காசுப்பரும் பிராங்கிளினின் தோழரான அறன் கிளக்கும் அவிழ்த்தனர். கற்கள் முற்றும் ஒத்த நிலையில் இருக்கவேண்டியதில்லை, ஏறத்தாழ ஒத்திருந்தாற் போதும், சிறிது வளைந்து கொடுக்கும் என்றனர். மாணவர் உதைக்கும் கறுப்பு வெள்ளைப் பந்தைப் பார்த்தால் இது விளங்கும். அதில் ஐங்கோணம் 12, அறுகோணம் 20. ஐங்கோணந்தோறும் ஐந்தும், அறுகோணந்தோறும் ஆறுமாகக் கல் வைத்தால் 60உம் 120உம் சேர்ந்து 180 ஆகும். அறுகோணங்கள் இல்லாது 12 ஐங்கோணங்கள் மட்டும் கூடினால் 60 கல்லுடைய சிறு பந்து கிடைக்கும்.

கோளவுரு வைரசும் குழாயில் அமையும் என்பதை 1967இற் பான்குரொப்ற், கீபேட் என்போர் கௌபிப் பயிரைத் தாக்கும் ஒரு வைரசைக்கொண்டு நிறுவினர். இலங்கைக் கமக்காரருக்கு நன்கு பழக்கமான அதே கௌபி. கோலின் கதையும் அங்கே முடிந்துவிடவில்லை. 1971இல் பட்லரும் கிளக்கும் புரதக் கூறுகள் முதலில் ஈரடுக்குத் தட்டுகளாகக் கூடி, தட்டுத் தட்டாகவே கோலில் ஏறுகின்றன என்றனர். 1977அளவில் வந்த முடிவு விந்தையானது. அடுக்குதல் ஆர்.என்.ஏ.யின் முனையிற் றொடங்குவதில்லை. உள்ளே ஓரிடத்தில், கொண்டையூசிபோல் மடிந்த பகுதியிற் றொடங்குகிறது. மறுமுனை நடுப்புழை வழியே இழுபட்டு மேலேறுகிறது. தட்டு மெய்யாகவே தட்டாக வருகிறதா, குறுஞ் சுருளியாக வருகிறதா என்பது பற்றி அறிஞர் பின்னரும் பூசலிட்டனர். கிளக் 1982இல் நோபல் பரிசு பெற்றார். பிராங்கிளின் உயிரோடிருந்தால் அம்மேடையில் அவருக்கும் இடமிருந்திருக்கும் என்று எண்ணுவது மிகையன்று.

இனி அகத்திக்கு வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து 1954இற் கொலாசன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கோபிநாத் கர்த்தாவோடு வெளியிட்ட ஜி. என். இராமச்சந்திரன், 1970களின் தொடக்கத்திற் பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையை நிறுவினார். அத்துறையில் எம். ஆர். என். மூர்த்தி அவர்களும், உயிரிரசாயனத் துறையில் எச். எசு. சாவித்திரி அம்மையாரும் தத்தம் மாணவரோடு அகத்தித் தேமல் வைரசைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 1995இல் அதன் அணுவமைப்பு வெளியாயிற்று. 180 கற்கள், எல்லாம் ஒரே சரடாயினும் இருக்கும் இடத்துக்கேற்ப மூன்று நிலை. அவற்றுள் ஒருநிலைக் கல்லில் மட்டும் சரடின் தொடக்கப் பகுதி ஒழுங்காக மடிந்து, மூன்று கல் கூடும் இடத்திற் கைகோத்து வளையம்போல் நிற்கிறது. மற்ற இரு நிலைகளில் அப்பகுதி ஒழுங்கற்று உட்புறம் தொங்குகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கல்சியம் சாந்துபோல் அமர்ந்திருக்கிறது.

அமைப்பை அறிந்தபின், கல்லை வெட்டிப் பார்க்கும் வேலை தொடங்கியது. ஓட்டுப் புரதத்தின் பரம்பரையலகைப் பற்றீரியாவில் ஏற்றினர். அகத்தியைக் கண்டறியாத அந்தப் பற்றீரியாவினுள்ளும் புரதம் தானே கூடி 180 கல் ஓடாயிற்று. உள்ளே பற்றீரியாவின் சொந்த ஆர்.என்.ஏ.யையே அடைத்துக்கொண்டது. சரடின் தொடக்கத்தில் 22 அமினோவமிலங்களை நீக்கினர், ஓடு மாறவில்லை. 65ஐ நீக்கினர், 180 கல் ஓடு தோன்றாது 60 கல்லுடைய சிற்றோடே தோன்றியது. இடைப்பட்ட அளவில் நீக்கியபோது ஒரே அளவில் நில்லாத ஓடுகள் கலந்து வந்தன. பெரிய கோட்டையா சிறிய கோட்டையா என்று தீர்மானிக்கும் விசை அத்தொங்கும் வாலின் பகுதியில் உள்ளதென 2002இல் அவர்கள் வெளியிட்டனர். அவ்வாலில் ஆர்.என்.ஏ.யைப் பற்றும் ஆர்சினீன்களை மாற்றியபோது வெற்றோடுகள் எழுந்தன. எழுந்தாலும் உறுதி குறைந்தன. ஆர்.என்.ஏ. ஓட்டினுள் அடைபடும் பொருள் மட்டுமன்று, சுவரை உள்ளிருந்து தாங்கும் தூணுமாகும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாய்வுகள் கமக்காரனுக்கு நாளையே மருந்தாகா. வெண்டியிலும் மிளகாயிலும் இலை மஞ்சளிப்பதும் சுருளுவதும் கண்டு செடியைப் பிடுங்கி எரிப்பதன்றி வேறு வழி அறியாதவன் அவன். இலங்கையின் பெயரையே தாங்கிய மரவள்ளித் தேமல் வைரசு ஒன்றும் உண்டு. இந்தியாவிலும், 2015இற் கம்போடியாவிலும் அது காணப்பட்டது. அதன் ஓடோ நிறைவுறாத இரு பந்துகள் முதுகொட்டி நிற்கும் இரட்டையோடு, கற்கள் 110. அதைப் பரப்புவது வெள்ளீ. நோயுற்ற தடியை நடுகைக்கு வெட்டிக் கொடுக்கும் மனிதன் அவ்வீயினும் விரைவாகப் பரப்புகிறான். ஓட்டின் அமைப்பை அறிந்தோர்க்கு அந்நோயைக் குருதிநீர்ச் சோதனையால் முன்கூட்டியே காண்பது எளிதாகும். தடியைத் தெரிந்தெடுக்கும் வேளையில் அது பேருதவி.

பயன் வேறொரு திசையிலிருந்தும் வந்தது. உள்ளே செய்தியில்லாத வெற்றோட்டை உடல் மெய்யான வைரசென்றே கொண்டு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும். 1991இல் அவுசுதிரேலியாவின் பிறிசுபேணில் சியான் சூவும் இயன் பிரேசரும் கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான வைரசின் ஓட்டுப் புரதம் தனித்தே கூடி ஓடாவதைக் காட்டினர். 2006இல் தடுப்பு மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவியர்க்கு அது ஏற்றப்படலாயிற்று. எழுவான்கரைப் பிள்ளைகளும் படுவான்கரைப் பிள்ளைகளும் அவருள் அடங்குவர். அம்மருந்துகளுள் ஒன்றை ஆக்கும்போது, நொதியுயிரியான மதுவத்தில் விளைந்த ஓடுகளை முதலிற் கல் கல்லாகப் பிரித்து, பின் கரைசலின் நிலையை மாற்றி மறுபடி கூடவிடுகின்றனர். அவ்வாறு இரண்டாம் முறை எழுந்த ஓடே ஒழுங்கும் உறுதியும் மிக்கதாயிருக்கிறது.